மூளிக் கிண்ணம்

கெட்டது செய்யப் போனால் பாதியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். என்னால் ஆன பெரிய கேடெல்லாம் நல்லது செய்யப் போன இடத்தில் நடந்ததுதான். அந்தக் கிண்ணத்தை நான் கழுவியிருக்கவே கூடாது.

என் பெயர் தனபால். இராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். தறியை எடைக்குப் போட்ட பிறகு சேலத்தில் சலீம் பாயிடம் சேர்ந்து எட்டு வருஷமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். வண்டி ஓட்டுவது பேருக்குத்தான். பாய்க்குப் பழைய பீங்கான், மண்பாண்ட வியாபாரம். மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊறவைத்திருக்கும் ஊறுகாய் ஜாடி, கோழி அடைகாத்துக் கிடக்கும் தாழி, சாம்பல் அள்ளிப் போட்டிருக்கும் பூப்போட்ட தட்டு என்று ஊர் ஊராகப் போய் வாங்கிவருவார். கழுவித் தேய்த்து, உடைசல் இருந்தால் அடைத்து, கோயம்புத்தூர், மெட்ராஸ் ஹோட்டல்காரர்களுக்கு விற்பார். அடைக்கிற வேலை என்னுடையது. அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைத்துப் பழகிய கை. நான் அடைத்த இடத்தைப் பாயே விரலால் தடவித் தேடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பங்குனி மாதம். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டுக்கு ஜாடி பார்க்கப் போயிருந்தோம். காலை பத்து மணிக்கே வெயில் உச்சியைப் பொசுக்கியது. குச்சிக்கிழங்கு பிடுங்கின காடு வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. எங்கேயோ ஜவ்வரிசி மில்லிலிருந்து புளித்த வாடை வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரி பெரியநாயகி அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முட்டிவலி, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தார். நாங்கள் உட்காரும் முன்னே ஆளுக்கு ஒரு சொம்பு மோர் வந்துவிட்டது. நல்ல மனுஷி. இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை.

"ஏனுங் பாய், இந்த ஜாடி ரெண்டும் எங்க மாமியா காலத்துது. மாங்கா ஊறுகா போட்டா மூணு வருசம் கெடாதுங்க. இப்ப ஆரு திங்கறா? எனக்குச் சக்கரை, பையனுக்குப் பிரசரு. அவன் போர் போடற ரிக்கு வண்டியோட ஆந்திராவுல கெடக்கறான். எடுத்துட்டுப் போங்க, ஊட்டுல எடமாச்சும் ஆகட்டும்."

பாய் ஜாடியைச் சுண்டிச் சுண்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் கட்டுத்தரையிலிருந்து, பண்ணைக்கார அம்மாவைக் கூப்பிடும் ஒரு குரல் கேட்டது.

"பண்ணாடிச்சிங்க..."

"ஆரு, சாலாளா? என்ன பிள்ள, ஒரு வாரமா ஆளையே காணம்? களை வெட்ட வல்லீன்னு நானே ஆளுட்டு உடலாம்னு இருந்தேன். வீரன் எப்படி இருக்கறான்?"

வீரன் சாலம்மாளின் புருஷன், எழுபத்தைந்து வயதாம். கேட்டவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். 'இருக்கறான்' என்றது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மாடு கட்டும் இடத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட சாலம்மாளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. கூன் விழுந்த ஒல்லி உடம்பு. வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அவருக்கு நெனப்புத் தப்பிப் போச்சுங்க. என்னையவே ஆரு நீயிங்கறாருங்க. 'நேரமாச்சு, ஏர் கட்டோணும், பண்ணாடி வைவாரு'ன்னு எந்திரிச்சு எந்திரிச்சு உளுகறாரு. அதுகோடத் தேவுலீங்க. எட்டு நாளா ஒரு வாச் சோறு உள்ள போகலீங்க."

"ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"போனமுங்க. வவுத்துல ஒண்ணுமில்ல, வயசாச்சு, ஊட்டுல வெச்சுப் பாத்துக்கன்னு சொல்லிப்போட்டாங்க. வட்டல்ல போட்டு வெச்சாத் தள்ளி உட்டர்றாருங்க. 'இது ஆருதோ வட்டலு, எனக்கெதுக்கு, எங்கிண்ணத்தக் கொண்டா'ங்கறாரு. துணிய நனைச்சு வாயில தண்ணி புழிஞ்சு உடறனுங்க. எத்தன நாளைக்குங்க?"

"எந்தக் கிண்ணம்?"

சாலம்மாள் தலையை நிமிர்த்தாமல் கட்டுத்தரைக் கூரையைக் கையால் காட்டினார். "இங்கத்ததுதானுங்க. எறவாரத்துல சொருகி வெச்சிருக்குதில்லீங்க, அது. அம்பது வருசமா மத்தியானச் சோறு அதுலதானுங்களே. அத மட்டும் குடுத்தீங்கன்னா..."

பெரியநாயகி அம்மா சிரித்துவிட்டார். "அட, அந்த மூளிக் கிண்ணமா? இதுக்கா எட்டு நாளு யோசிச்சே? எடுத்துட்டுப் போ பிள்ள. அது ஆருக்கு வேணும்?"

விளிம்பு உடைந்த சாமானை எங்கள் பக்கம் மூளி என்பார்கள். மூளியானதை வீட்டுக்குள் புழங்கமாட்டார்கள். இந்தக் கிண்ணம் பெரியநாயகி அம்மாவின் மாமனாருடைய அப்பா கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததாம். விளிம்பில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு போனதும் அடுக்களையை விட்டுக் கட்டுத்தரைக்கு வந்துவிட்டது. வேலை முடிந்ததும் வீரன் அதை எறவாரத்திலிருந்து எடுத்துக் கழுவி நீட்டுவார். தொடாமல் மேலேயிருந்து கூழோ களியோ விழும். தின்று முடித்துக் கழுவித் திரும்பவும் செருகிவிட்டுப் போவார். ஐம்பது வருஷமாக வீட்டாள் ஒருவர் கை அதில் பட்டதில்லை. இப்போதெல்லாம் எங்கே சார் அதெல்லாம் என்று கேட்கிறவர்கள் அந்த எறவாரத்தை ஒருதரம் வந்து பார்க்கட்டும்.

கூன் முதுகோடு எக்கி எக்கிப் பார்த்தார் சாலம்மாள். எட்டவில்லை. இங்கேதான் என் நல்ல புத்தி வேலை செய்தது. போய் எக்கி எடுத்தேன்.

"ஐயோ, நீங்க ஏனுங்க அதத் தொடறீங்க!" என்றார் பெரியநாயகி அம்மா. அதே நேரம் சாலம்மாளும், "சாமி, நீங்க தொடாதீங்க சாமி" என்று பதறினார். இரண்டு பேருக்கும் ஒரே பதற்றம். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

வீரன் வேலைக்கு வருவதை விட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும் போல, கிண்ணத்தின் மேல் விரல் கனத்துக்குச் சாணிப்புழுதி, ஓட்டுக்கரி, சிலந்திக் கூடு. இதிலா ஒரு சீக்காளிக்குக் கூழ் ஊற்றுவது என்று தொட்டிக் குழாயில் நீட்டினேன். நாரைப் போட்டுத் தேய்த்தேன். அழுக்குப் போகப் போகச் சிவப்புப் பூ ஒன்று வந்தது, பக்கத்தில் இரண்டு பச்சை இலை, விளிம்பைச் சுற்றி நீலக் கோடு. வேட்டி நுனியில் துடைத்துத் தண்ணீர் வடியக் கவிழ்த்தேன். அடியில் ஏதோ விலங்கு முத்திரையும் அந்நிய எழுத்தும் தெரிந்தன.

"தனபாலு" என்றார் பாய். "அத இப்படிக் கொண்டா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அரிய சாமான் கண்ணில் பட்டால், வருஷத்துக்கு ஒருதரம் இரண்டுதரம்தான் வரும். கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

பாய் கிண்ணத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அம்மா, ஜாடி ரெண்டையும் நீங்களே வெச்சுக்கங்க. இது ஒண்ணு போதும்" என்று ஒரு விலை சொன்னார். பெரியநாயகி அம்மா அந்தக் கிண்ணத்தை, அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து முதல்தடவையாக நின்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அந்த மூளிக்கா இம்புட்டு?"

"மூளிய இவரு அடைச்சுருவாரும்மா. இருந்த எடம் தெரியாது."

"பாய், அவங்களுக்குக் குடுத்தாச்சுங்களே" என்றேன் நான். பாய் என்னைப் பார்க்கவில்லை. பெரியநாயகி அம்மா மாட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், விறுவிறுவென்று உள்ளே போனார். நீட்டின கையை மடக்காமல் சாலம்மாள் அப்படியே நின்றார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த அம்மாவின் கையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் வட்டல் இருந்தது. மகன் கல்யாணத்துக்குப் பேர் வெட்டி வாங்கினது, அட்டைப்பெட்டி வாசம்கூடப் போகவில்லை.

"இந்தா பிள்ள. புதுசு. காலம்பூரா மூளியில தின்னாச்சு, கடைசிக் காலத்துலயாவது நல்ல வட்டல்ல திங்கட்டும். பாவம், ஒழச்ச கட்டை."

சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய்யாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பேன்.

"இதுல திங்கமாட்டாருங்க" என்றார் சாலம்மாள்.

"பசிச்சாத் திங்கறான், போ. புதுசுன்னு சொல்லிக் குடு."

மறு பேச்சு அந்த இடத்தில் கிடையாது. சாலம்மாள் வட்டலை முந்தானையில் சுற்றிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, "கழுவிக் குடுத்தீங்க சாமி, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கோணும்" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று முகத்தைத் தேடினேன். இல்லை, மனசாரத்தான் சொன்னார்.

சேலம் வந்ததும் வேலையில் உட்கார்ந்தேன். எரிச்சல் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும். பிசினில் பீங்கான் தூளைக் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று மூன்று நாள். மூளி விழுந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தபோது கூர் இல்லை, வழவழவென்று இருந்தது. ஐம்பது வருஷம் ஒரே கட்டைவிரல் பிடித்துத் தேய்ந்த வழவழப்பு. அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் வேறெதுவும் தோன்றவில்லை. இவ்வளவு வழவழப்பாக இருந்தால் பிசின் பிடிக்காதே என்றுதான் கவலைப்பட்டு, அரத்தைப் போட்டு அந்த விளிம்பைச் சொரசொரப்பாக ராவினேன். பிறகு அடைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீலக் கோட்டை இரண்டு பக்கமும் இழுத்துச் சேர்த்தேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். மூன்று சுற்று சுற்றியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாஷா அல்லாஹ். வெள்ளிக்கெழம கோயம்புத்தூர் பார்ட்டி வருது. எடுத்து மேல வெய்யி."

ஐந்தாம் நாள் புதன்கிழமை மோகனூர்ப் பக்கம் ஒரு தாழி ஏற்றப் போனவன், திரும்பும்போது வண்டியைச் சுற்றிக்கொண்டு வீரனும் சாலம்மாளும் குடியிருக்கும் காலனிக்கு விட்டேன். அவர் பிடிவாதம் ஆறிப்போயிருக்கும், பசித்துத் தின்றிருப்பார், அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கணக்கு.

ஓட்டை விழுந்த கான்கிரீட் கூரை. அதற்குக் கீழே நார் அறுந்து தொய்ந்த கட்டிலில் சாக்கை விரித்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் வீரன் கிடந்தார். நெடிய மனிதராக இருந்திருக்க வேண்டும், கால் இரண்டும் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. மூலையில் அந்த எவர்சில்வர் வட்டல், அதில் காய்ந்து வெடித்த ராகிக்களி.

"தொட்டே பாக்கலீங்க. 'பண்ணாடிச்சி பேரு எளுதியிருக்குது, இதுல நான் தின்னா என்னாகறது'ங்கறாருங்க" என்றார் சாலம்மாள். "படிப்பு வாசன இல்லாத மனுசன், பேரு இருக்கறது மட்டும் எப்பிடித்தான் தெரிஞ்சுதோ."

"டாக்டரக் கூட்டியாரட்டுங்களா? குளுக்கோசு ஏத்துனா..."

"ரெண்டு நாளு ஏத்துனாங்க சாமி. ஊசியப் புடுங்கிப் போட்டாரு. அந்தக் கையப் பாருங்க."

பார்த்தேன். வீரனின் இரண்டு கையும் சும்மா இருக்கவில்லை. இல்லாத ஒன்றைத் தண்ணீரில் அலசின, ஒருதரம் உதறின, பிறகு குவிந்து மேலே நீண்டன. கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்துவிட்டு இறங்கின. மறுபடி அலசல்.

"விடியறதுல இருந்து பொழுது உளுகற வரைக்கும் இதே வேலைங்க. நீட்டறாரு, நானும் ஊத்தறதுக்கு வாரேன். கைல ஒண்ணுமில்லாம எங்கீங்க ஊத்தறது? உள்ளங்கைல ஊத்திப் பாத்தேன். ஒழுகிப் போச்சுங்க."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சேலம் போய் வண்டியை நிறுத்தின கையோடு பாயிடம் கேட்டேன்.

"ஒரு வேளைக்கு அந்தக் கிண்ணத்தக் குடுங்க பாய். ஊட்டிட்டு அப்படியே கொண்டாந்தர்றேன்."

"பைத்தியமா உனக்கு? நாளானிக்குப் பார்ட்டி வருது."

"நாளைக்குக் காலைல போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"உடைஞ்சா?"

கேட்டுவிட்டு அவரே எழுந்து கிண்ணத்தை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு தாள். "எங்க வாப்பா கடைசில ஒரு கிளாஸ் டீ கேட்டாரு, தனபாலு. டாக்டரு குடுக்காதன்னாரு. நான் டாக்டரு பேச்சக் கேட்டேன்" என்றார். "பத்திரம்."

வியாழக்கிழமை காலை நான் போனபோது சாலம்மாள் கம்மங்கூழ் கரைத்து, பக்கத்து வீட்டில் மோர் வாங்கி ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப்போட்டுத் தயாராக வைத்திருந்தார். முதல்நாளே ஆளிடம் சொல்லிவிட்டிருந்தேன். தாளைப் பிரித்துக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுங்களா சாமி?"

"அதேதாங்க. மூளிய அடைச்சுட்டேன். எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

இப்படியும் ஒருத்தன் பேசுவானா? பேசினேன். அவர் கூழை ஊற்றினார்.

தோளில் கை கொடுத்து வீரனைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தோம். உடம்பில் கனமே இல்லை. கண் கிண்ணத்தின் சிவப்புப் பூவில் போய் நின்றது. நின்றதும் முகமே மாறியது, வாய்கூட லேசாகத் திறந்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அப்பாடா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வலது கட்டைவிரல் விளிம்பின்மேல் ஏறியது. ஒரு சுற்றுப் போனது. நின்று, மறுபடி ஒரு சுற்றுப் போனது. பாய் தேடினது போலவேதான் தேடினார், அவருக்கும் கிடைக்கவில்லை.

கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கை இரண்டையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு, என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துப் பேசினார்.

"பண்ணாடி, இது ஊட்டுக் கிண்ணமுங்க. நானெடுக்கலீங்க. ஆரோ மாத்தி வெச்சுட்டாங்க. கழுவித் தந்தர்றனுங்க."

"இல்லீங்க பெரியவரே. உங்க கிண்ணந்தாங்க. குடிங்க" என்றேன். நான் போட்ட ஒவ்வொரு 'ங்க'வுக்கும் அவர் இன்னும் சுவரோடு ஒட்டினார். எந்தப் பண்ணாடி அவரிடம் அப்படிப் பேசியிருக்கிறார்?

"மூளி இருக்கோணுமுங்க சாமி" என்றார் சாலம்மாள். திட்டவில்லை, அழவுமில்லை. "மூளி இருந்தாத்தான அது அவருதுங்க."

கூழைச் சட்டியில் திருப்பி ஊற்றிவிட்டுக் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துவந்தேன். வண்டியிலிருந்து திருப்புளியை எடுத்து, அடைத்த இடத்தில் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை. என் வேலை அல்லவா, எப்படி அசையும்? ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து லேசாகத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பாயும் வெள்ளிக்கிழமையும் ஒருபக்கம் ஞாபகத்துக்கு வந்தும், இன்னொரு தட்டுத் தட்டினேன். கிண்ணம் விளிம்பிலிருந்து அடிவரைக்கும் ஓடி இரண்டாகப் பிளந்தது. நான் அடைத்த இடம் மட்டும் பெரிய துண்டில் அப்படியே இருந்தது.

அப்போதும் விட்டேனா? உடைந்த விளிம்பு கையில் பட்டால் போதுமே, தன்னுடையது என்று நினைத்துக்கொள்வாரே என்று அந்தப் பெரிய துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அதில் இரண்டு வாய்க் கூழ் நின்றது. சாய்த்துப் பிடித்து வாயருகே கொண்டுபோனேன். வீரன் துண்டைப் பார்த்தார். உடம்பு முழுக்க உதறல் எடுத்துவிட்டது.

"நா ஒடைக்கலீங்க. சத்தியமா நா ஒடைக்கலீங்க சாமி. கழுவிச் சொருகி வெச்சுட்டுத்தான் போனேன். கூலியில புடிச்சுக்காதீங்க, புள்ளைக்குக் காச்சலுங்க..."

"பிள்ள செத்து முப்பது வருசமாச்சுங்க" என்று சாலம்மாள் எனக்கு மெதுவாகச் சொன்னார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து அவர் நெஞ்சை நீவிவிட்டார். "நீ ஒடைக்கல சாமி. ஆரும் உன்னைய ஒண்ணும் கேக்கமாட்டாங்க. ஒரு வாய் குடி." அவர் காதில் அது ஏறவில்லை. கண் என்மேலேயே இருந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் போலிருக்கிறது.

என் அப்பாவைவிட மூத்த மனிதர். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"டேய் வீரா" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "நீ ஒடைக்கல. நான்தான்டா ஒடைச்சேன். என் கையாலதான் ஒடைஞ்சுது. வெசனப்படாம அந்தக் கூழக் குடி."

உதறல் நின்றது. என்னை வெகுநேரம் பார்த்தார். பொக்கை வாயில் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. சின்னப் பிள்ளை சொல்லும் பொய்யைக் கேட்டுக்கொள்கிற சிரிப்பு.

"பண்ணாடிக்குப் பெரிய மனசுங்க. பண்ணாடிச்சி என்னைய வெய்யக்கூடாதுன்னு சொல்றீங்க" என்றார். "நீங்க எங்கீங்க ஒடைச்சீங்க? நீங்கதான் அதத் தொடவே மாட்டீங்களே."

அதோடு வாயை இறுக மூடிக்கொண்டார். சாலம்மாள் துணியை நனைத்து வைத்தபோதும் திறக்கவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூழில் ஈ மொய்த்தது. சனிக்கிழமை காலையில் வீரன் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானமே இரண்டு துண்டையும் அதே செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து பாய் முன்னால் வைத்தேன். நான்தான் உடைத்தேன் என்றேன். அவர் உடனே நம்பிவிட்டார்.